சத்து ஊசி போட்டும் மாடு தேறவில்லையா? தொட்டியில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள்

மாடு இளைத்துவிட்டது, பால் இறங்கிவிட்டது, கன்று மயிர் சிலிர்த்து நிற்கிறது என்றால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, “ஒரு சத்து ஊசி போட்டுவிடலாமா?” என்பதுதான். சத்து ஊசி என்று நாம் சொல்வது பெரும்பாலும் பி-காம்ப்ளக்ஸ். பி1, பி2, பி6, பி12, நியாசின் என்று பல பி வைட்டமின்கள் சேர்ந்த மருந்து. ஊசி போட்ட அன்று மாட்டின் மூத்திரம் நல்ல மஞ்சளாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பி2 வைட்டமின். உடம்பில் தங்காமல் வெளியே போகிறது. உடம்பு புரதமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும்போது பி2-வைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் இன்னும் குறையும். அதாவது, தீவனத்தில் புரதம் இல்லாத மாட்டுக்குப் போடும் சத்து ஊசியில் ஒரு பங்கு நேராகத் தொழுவத்துத் தரைக்குப் போகிறது.

ஊசி தவறு என்று சொல்ல வரவில்லை. அது உயிரைக் காப்பாற்றும் நேரங்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனால் புரதம் போதாத இடத்தை வைட்டமினால் நிரப்ப முடியாது.

திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பற்றாக்குறை புதிதல்ல. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு நிலம் ஒதுக்கப்பட்டபோது, அது எங்கள் மாடுகளின் மேய்ச்சல் நிலம் என்று ஊர்மக்கள் போராடியது நினைவிருக்கும். மேய்ச்சலுக்குப் போன மாடு அருகம்புல், கொடி, மர இலை என்று நாலையும் கடித்து வரும். கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு நாம் போடுவதுதான் உண்டு. அது பெரும்பாலும் நெல் வைக்கோல், தவிடு, கழுநீர். கேன்டீன் சோறு மலிவாகக் கிடைத்தால் அதுவும் தொட்டிக்குள் போகிறது. வயிறு நிறைகிறது, புரதம் சேர்வதில்லை.

மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலைச் செரிக்க வைப்பது அவைதான். மாட்டுக்குத் தேவையான பி வைட்டமின்களை உண்டாக்கித் தருவதும் பெரும்பாலும் அவைதான். அதனால்தான் வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் வெளியிலிருந்து பி வைட்டமின் கொடுக்க வேண்டிய தேவை சாதாரணமாக வருவதில்லை.

ஆனால் அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அவற்றுக்கும் சாப்பாடு வேண்டும். மாவுச்சத்தோடு தழைச்சத்தும், அதாவது புரதமும் வேண்டும். மாடு தின்னும் மொத்தத் தீவனத்தில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், 7 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நெல் வைக்கோலில் இருப்பது 3 முதல் 4 சதவீதம்தான். வைக்கோலை மட்டும் போட்டால் நுண்ணுயிர் குறையும், செரிமானம் மெதுவாகும், பெருவயிறு காலியாக நாளாகும், மாடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். சாணம் கெட்டியாகப் போகும். கூடவே பி வைட்டமின் உற்பத்தியும் சரியும்.

இந்த நிலையில் நீங்கள் போடும் ஊசி இரத்தத்துக்குப் போகிறது. பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்களுக்குப் போவதில்லை. இரண்டொரு நாள் மாடு கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியலாம், பிறகு பழையபடிதான். பொடியாகத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் பி வைட்டமின்களிலும் நியாசின், கோலின் போன்றவற்றில் பெரும்பகுதியைப் பெருவயிறே சிதைத்துவிடும். பெருவயிற்றில் சிதையாதபடி பூச்சுக் கொடுத்த கோலின் தனியாக விற்கப்படுவது இதனால்தான். அது அதிகப் பால் தரும் பண்ணை மாடுகளுக்கானது. வீட்டில் இரண்டு மாடு வைத்திருப்பவர் அந்த விலைக்குப் பிண்ணாக்கு வாங்கிவிடலாம்.

இன்னொன்று. தவிட்டிலேயே பி வைட்டமின்கள் நிறைய இருக்கின்றன. அரிசியைத் தீட்டும்போது அரிசியை விட்டுப் போகும் சத்தெல்லாம் சேரும் இடம் தவிடுதான். தவிடு தின்னும் மாட்டுக்குக் குறைவது பெரும்பாலும் பி வைட்டமின் அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு, ஒரு நாளைக்கு 10 லிட்டர் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பேணுவதற்கு மட்டும் சுமார் 300 கிராம் புரதம் வேண்டும். ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 85 முதல் 90 கிராம். மொத்தம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கிராம்.

நீங்கள் கொடுப்பது 7 கிலோ வைக்கோல், 3 கிலோ நல்ல தவிடு என்றால், வைக்கோலில் ஏறத்தாழ 250 கிராம், தவிட்டில் 360 கிராம். இரண்டும் சேர்ந்து 600 கிராமைத்தான் எட்டும். பாதிக்குப் பாதி பற்றவில்லை. உமி கலந்த தவிடாக இருந்தால் இன்னும் மோசம். மாடு இந்தப் பற்றாக்குறையைக் கொஞ்ச நாள் தன் தசையைக் கரைத்து ஈடுகட்டும். பிறகு பாலைக் குறைக்கும். புரதத்தோடு எரிசக்தியும் போதாமல் போனால் எஸ்.என்.எஃப். இறங்கி, சங்கத்தில் விலை குறையும். அடுத்த சினைப்பருவமும் தள்ளிப்போகும்.

குறைவது நூற்றுக்கணக்கான கிராம். ஊசியில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. ஒரு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராம் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அந்த 600 கிராமை எப்படி நிரப்புவது? கடலைப் பிண்ணாக்கு ஒரு கிலோவில் 400 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. பசுமையாக 5 கிலோ வேலிமசால் போட்டால் கிட்டத்தட்ட 200 கிராம் வரும். கணக்கு நேராகிவிட்டது. இதை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கூட்டுங்கள். பிண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், பாலிலும் வரும்.

பிண்ணாக்கு விலை கட்டவில்லை என்றால் நம்மிடமே இருப்பதைப் பாருங்கள். நிலக்கடலை போடும் ஊர்களில் கடலைக்கொடியை வயலிலேயே காயவிட்டு வீணாக்குவது இன்னும் நடக்கிறது. வைக்கோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம் அதில் இருக்கிறது. உளுந்து, பச்சைப்பயறு அடித்த பொட்டும் அப்படித்தான். வரப்பில் அகத்தி, வேலியோரம் சூபாபுல் நான்கைந்து மரம் இருந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பெரிய உதவி. சூபாபுல் மட்டும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதில் உள்ள மைமோசின் முடி உதிர வைக்கும். ‘பீர் வேஸ்ட்’ என்று லாரியில் வரும் பார்லி சக்கையும் நல்ல புரதம்தான். ஆனால் ஈரம் அதிகம், வெயில் காலத்தில் இரண்டே நாளில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். வாங்கினால் உடனே தீர்க்க வேண்டும்.

வைக்கோலையே தேற்றவும் வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40 முதல் 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். புரதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், வைக்கோலும் மெதுவாகும். எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றாட உதறிவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது. யூரியாவை நேராகத் தொட்டியிலோ கழுநீரிலோ கலப்பது கண்டிப்பாகக் கூடாது, மாடு செத்துப்போகும்.

இதோடு தாது உப்புக் கலவை, கறவை மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம். இதற்கும் பி வைட்டமினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பி12 வைட்டமினின் நடுவில் இருப்பது கோபால்ட் என்ற உலோகம். கோபால்ட் இருந்தால்தான் நுண்ணுயிர்களால் பி12 உண்டாக்க முடியும். பி12 குறைந்த மாடு தீவனம் இருந்தும் மெலியும், சோகை பிடிக்கும், மயிர் சொரசொரப்பாகும். ஒரு சிட்டிகைக் கோபால்ட் போதும், அது தாது உப்பிலேயே இருக்கிறது. நல்ல கலவை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே தயாராகிறது.

எல்லாம் கொடுத்தும் மாடு தேறவில்லையா? டானிக் வாங்கும் முன் சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பொன்னேரி, மீஞ்சூர் போலத் தண்ணீர் தேங்கும் நெல் வயல் பகுதிகளில் நத்தை வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழு இருந்தால், நீங்கள் கொடுக்கும் புரதத்தில் பெரும்பங்கு புழுவால் வீணாகும்.

கன்று, கோழி, வாத்து: இங்கே கணக்கு வேறு

பிறந்த கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. முதல் இரண்டு மாதம் அதற்குப் புரதமும் பி வைட்டமினும் பாலிலிருந்துதான் வர வேண்டும். பாலை முழுவதும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டுக் கன்றுக்குக் கஞ்சித் தண்ணீர் காட்டினால் இரண்டும் கிடைக்காது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், இரண்டாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கன்றுத் தீவனம், இளம் புல். பெருவயிறு சீக்கிரம் வளர இதுதான் வழி. இன்று ஒரு லிட்டரை மிச்சம் பிடித்தால், அந்தக் கிடேரி பருவத்துக்கு வருவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

கோழிக்குப் பெருவயிறே இல்லை. அதற்கு பி வைட்டமின் தீவனத்தில் வந்தே ஆக வேண்டும். இதைக் கண்டுபிடித்த கதை நமக்கு நன்றாகப் பொருந்தும். 1889-இல் ஜாவா தீவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில், ஐக்மேன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார. திடீரென்று கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டு, நிற்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்துத் தானாகவே சரியாயின. விசாரித்தால், இடையில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்ததும், பழைய தீட்டாத அரிசிக்குத் திரும்பினார்கள், கோழிகள் பிழைத்தன. தவிட்டோடு போன பி1 வைட்டமின்தான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. 1929-இல் ஐக்மேனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் மெக்கரிசன் என்பவர் இதே வழியில் புறாக்களையும் எலிகளையும் வைத்து ஆய்வு செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், அரிசிச் சோறு முக்கியமாக இருந்த சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள்தான் மிகவும் நலிந்திருந்தன. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அங்கும் குறைந்தது ஒரு வைட்டமின் மட்டுமல்ல. நல்ல புரதமும் சேர்ந்தே குறைந்தது.

நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு நொய்யரிசி மட்டும் போடும் வீடுகளில் இது இன்றும் நடக்கிறது. குஞ்சின் கால் விரல்கள் உள்ளே மடங்கிக் கணுக்காலால் நடந்தால் பி2 குறைவு. தலை பின்னுக்கு வளைந்து மேலே பார்த்தபடி இருந்தால் பி1 குறைவாக இருக்கலாம். ஆனால் கவனம்: கழுத்துத் திருகுவது வெள்ளைக்கழிச்சல் நோயிலும் வரும், நம் ஊரில் அதுதான் அதிகம். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், மூச்சிரைப்பு, அடுத்தடுத்து இறப்பு என்றிருந்தால் வைட்டமின் பாட்டிலை நம்பி நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி நோய் வருவதற்கு முன்பே போட வேண்டியது.

குஞ்சுக்கும் வைட்டமினோடு புரதம் சேர வேண்டும் என்பதற்கு நியாசின் நல்ல உதாரணம். புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற பொருளிலிருந்து உடம்பே கொஞ்சம் நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். புரதம் குறைந்தால் அந்த வரவும் நின்றுபோகும். மக்காச்சோளத்தில் டிரிப்டோஃபேன் மிகக் குறைவு, அதில் உள்ள நியாசினும் எளிதில் உடலில் சேராது. சோயாப் பிண்ணாக்கைக் குறைத்துச் சோளத்தைக் கூட்டும்போது கோலினும் சேர்ந்து குறையும். இந்த இடத்தில் மட்டும், பி வைட்டமின் கொஞ்சம் புரதத்தை மிச்சப்படுத்தித் தரும் என்று சொல்லலாம். கோலினும் பி12-உம் போதுமாக இருந்தால், மெத்தியோனின் என்ற புரதக்கூறு அந்த வேலைகளுக்குச் செலவாகாமல் வளர்ச்சிக்குப் போகும். ஆனால் அது மிச்சம் மட்டுமே, புரதத்துக்குப் பதில் ஆகாது. பி6 கதை இதற்கு நேர்மாறு. புரதத்தைக் கூட்டும்போதுதான் அதன் தேவையும் கூடுகிறது.

வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நியாசின் வேண்டும். அறுவடை முடிந்த வயலில் நத்தை, பூச்சி, புழு பொறுக்கும் வாத்துக்கு இது பிரச்சினையே இல்லை. அடைத்து வைத்து நொய்யும் கோழித் தீவனமும் போடும்போதுதான் கால் வளைந்து நொண்டும். பழவேற்காடு பக்கம் கிடைக்கும் உப்பில்லாத காய்ந்த சிறு மீனை இடித்து, நூறு கிலோ தீவனத்துக்கு ஐந்து கிலோ அளவில் சேர்த்தால் புரதம், பி12, நியாசின் மூன்றும் வரும். உப்புக் கருவாடு கூடாது, குஞ்சு உப்பு நஞ்சில் சாகும். கரையானும் அசோலாவும் செலவில்லாத புரதம்.

ஊசியே மருந்தாகும் நேரம்

கேன்டீன் சோறு, கல்யாண வீட்டு மிச்சம், கஞ்சி, நொய் இவற்றை ஆடு ஒரே வேளையில் அதிகமாகத் தின்றால் பெருவயிற்றில் அமிலம் ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும். பி1-ஐ அழிக்கும் கெட்டவை பெருகும். ஆடு தள்ளாடும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும், பல்லைக் கடிக்கும், கடைசியில் விழுந்து காலை உதைக்கும். இங்கே பி1 ஊசிதான் மருந்து, அதுவும் சில மணி நேரத்துக்குள். சீக்கிரம் போட்டால் படுத்த ஆடு எழுந்து நடப்பதைப் பார்க்கலாம், தாமதித்தால் மூளை கெட்டுவிடும். மருந்தின் அளவும் போடும் வேகமும் முக்கியம், அதனால் மருத்துவர்தான் போட வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி வரும். வெறிநோயிலும் இதுபோன்ற அறிகுறிகள் வரும் என்பதால் ஆட்டின் வாய்க்குள் கையை விடாதீர்கள்.

காய்ச்சலில் நாலு நாள் தீவனம் எடுக்காத மாடு, நீண்ட நாள் மருந்து சாப்பிட்டு அசை போடுவதை நிறுத்திய மாடு, புழு நீக்கிய பிறகு சோகையிலிருந்து மீளும் கன்று இவற்றுக்கும் மருத்துவர் பி-காம்ப்ளக்ஸ் எழுதுவார், போடுங்கள். குளம்பு வெடித்து நொண்டும் கறவை மாட்டுக்குத் தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் சொல்வதுண்டு. மாதக்கணக்கில் கொடுத்தால்தான் பலன் தெரியும், புதுக் குளம்பு மெதுவாகத்தான் வளரும்.

கேன்டீன் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். புளிக்காதது என்றால் மாட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ, அதுவும் வைக்கோல் தின்ற பிறகு, பிண்ணாக்கோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

வேலிமசால் விதை, கம்பு நேப்பியர் கரணை போன்றவற்றுக்கு ஆவடியை அடுத்த அலமாதியில் உள்ள மண்டலத் தீவன நிலையத்திலும், திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தில் தீவன ஆலோசனை பெறலாம். வாங்கும் கலப்புத் தீவனத்தில் மூட்டையில் அச்சடித்த புரதம் உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, ஈரம் படாத உறையில் கட்டி, தேதி எழுதி அனுப்புங்கள்.